பழைய பிக்கப்புக்குப் பெரிய எஞ்சின் போடுவதற்கு முன்

போன மாதம் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒருவர் தன் மொறிஸ் மைனர் பிக்கப்பைக் கராஜுக்குக் கொண்டுவந்தார். அப்பா வாங்கிய வண்டி. 1098 சீசி எஞ்சின். மரக்கறி ஏற்றிக்கொண்டு நுவரெலியா ஏத்தத்தில் போனால் இரண்டாம் கியரிலேயே மூச்சு வாங்குதாம். "அண்ணே, கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு டொயோட்டா 2சி டீசல் எஞ்சின் பார்த்து வச்சிருக்கேன். போட்டுத் தாங்க" என்றார். முற்பணமும் கொடுத்துவிட்டாராம்.

வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த வருடங்களில் பழைய வண்டிகளுக்கு மவுசு ஏறியது. அதிலிருந்து இந்தக் கேள்வியோடு மாதம் ஒருவராவது வருகிறார். எல்லோருக்கும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். இருக்கிற எஞ்சின் தன் பலத்தில் எவ்வளவைத் தொலைத்திருக்கிறது என்று பார்ப்பேன்.

அன்றைக்கும் நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் அழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தோம். மூன்று சிலிண்டர் 140 பிஎஸ்ஐக்கு மேலே காட்டியது, மூன்றாம் இலக்கச் சிலிண்டர் மட்டும் 85. பிளக் நான்கும் கரி பிடித்துக் கறுத்திருந்தன. இது மலையில் எதிர்பார்க்கக்கூடியதுதான். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்புக்குச் சரியாக வைத்த எஸ்.யூ. கார்புரேட்டர் இங்கே பெற்றோலை அதிகமாகக் கொடுக்கும். காற்றுக் குறைவால் பலம் குறைவது டர்போ இல்லாத எந்த எஞ்சினுக்கும் உண்டு. புதிதில் 48 குதிரைவலு இருந்த எஞ்சின் நுவரெலியாவில் 39, 40 தந்தால் பெரிய விஷயம்.

அப்புறம் பையனை உள்ளே உட்காரவைத்து எக்சலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொன்னேன். பொனட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தால், கார்புரேட்டரின் வால்வு முக்கால்வாசிதான் திறக்கிறது! கேபிள் தளர்ந்து, மிதியின் அடியில் பழைய கார்பெட் மடிந்து கிடந்தது. எத்தனை வருடமாக இப்படி ஓடியதோ.

இனி ஒரு சின்னக் கணக்கு. லோடோடு 1200 கிலோ வண்டி. 100 மீற்றருக்கு 8 மீற்றர் ஏறுகிற வீதி. மணிக்கு 30 கிலோமீற்றரில் ஏற, சக்கரத்துக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 13 குதிரைவலுதான். ஐம்பதில் ஏறவேண்டும் என்றால்கூட 23 போதும். நல்ல நிலையில் இருக்கிற 1098 எஞ்சின் இதைத் தரும். பிறகு ஏன் இழுவை இல்லை? கியரும் டிஃபும் (பின் அச்சில் இருக்கிற கடைசிப் பல்சக்கரத் தொகுதி) பொருந்தவில்லை என்றால் எஞ்சின் தன் பலம் இருக்கிற சுற்றிலேயே ஓடாது. 803 சீசி காலத்து மைனருக்கு டிஃப் விகிதம் 5.375. அதற்குப் பிறகு 4.55, கடைசியில் 4.22. 4.22ஐக் கழற்றி 4.55 போட்டால் ஒவ்வொரு கியரிலும் நூற்றுக்கு எட்டளவு இழுவை கூடும், வேகம் அதே அளவு குறையும். மலையில் லோட் இழுப்பவருக்கு அந்த வேகம் எதற்கு?

டிஃபைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிரேக்கைப் பற்றியும் கேட்பதில்லை. அதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். காரணம் இருக்கிறது.

பதினைந்து வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு மைனர் பிக்கப்புக்கு நானே டீசல் எஞ்சின் போட்டுக் கொடுத்தேன். கேட்டார், செய்தேன். ஏத்தத்தில் பிய்த்துக்கொண்டு போனது. அவர் லோடை இரட்டிப்பாக்கினார். மூன்றாவது வாரம் இறம்பொடை இறக்கத்தில் மிதி தரைவரை போய்விட்டது. பிரேக் ட்ரம் சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது. தேயிலை மேட்டில் வண்டியை உரசி நிறுத்தினார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

1200 கிலோ வண்டி 800 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தியை முழுவதும் சூடாக மாற்றினால், 30 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். அதில் காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மிச்சம் நான்கு ட்ரம்முக்குள் போகும். 1962க்கு முந்திய மைனருக்கு முன்னால் 7 அங்குல ட்ரம்தான், 1098 வந்தபோது 8 ஆக்கினார்கள். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சேஸிக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரே சுற்று. ஓரிடத்தில் எண்ணெய் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு.

டீசல் என்றால் இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை பெரும்பாலும் நேர்மாறு. பெற்றோல் எஞ்சினில் காலை எடுத்ததும் காற்று வழி அடைபட்டு, அந்த வெற்றிடம் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். பழைய டீசலில் அந்த வழி திறந்தே இருக்கும். லொறிகளுக்குத் தனியாக எக்ஸோஸ்ட் பிரேக் போடுவது அதனால்தான். முன்னால் டிஸ்க் போட்டு, வெற்றிடத்தில் இயங்கும் பிரேக் பூஸ்டர் வைப்பதாக இருந்தாலும் டீசலில் வெற்றிடம் தானாக வராது. வெக்குவம் பம்ப் உள்ள ஒல்டர்னேட்டரும் சேர்த்து வாங்க வேண்டும். அந்த இடத்தில் மைனரின் பழைய மின்சார முறையும் குறுக்கே நிற்கும். அதில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் போடியில் பூட்டியிருக்கும். ஒருமுறை ஒரு பையன் இதைக் கவனிக்காமல் ஒல்டர்னேட்டரை இணைத்து, ஐந்து நிமிடத்தில் டயோட்டை எரித்துவிட்டான்.

சரி, எல்லாம் பார்த்த பிறகும் எஞ்சின் மாற்றத்தான் வேண்டும் என்றால்? என் முதல் தேர்வு 1098 எஞ்சினின் அதே ஏ சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த 1275 சீசி. கிடைப்பது கஷ்டம், ஆனால் வெட்டும் வேலை மிகக் குறைவு. மினி காரிலிருந்து வந்ததா என்று பாருங்கள். குறுக்காக வைக்கும் எஞ்சின் என்பதால் பின் தட்டு முதலானவற்றை மாற்ற வேண்டி வரும். அடுத்தது நிஸான் ஏ12, 1171 சீசி. இல்லாவிட்டால் டொயோட்டா 4கே, 5கே. கியர் பொக்ஸோடு சேர்த்து எடுங்கள். வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்: மைனரில் ஸ்டியரிங் றேக் எஞ்சினுக்குப் பின்னால் குறுக்கே ஓடுகிறது. பெரிய றேடியேட்டரும் வேண்டும். பழைய பின் அச்சின் ஹாஃப் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) கூடிய இழுவையைத் தாங்காது, அதற்கும் காசு ஒதுக்குங்கள். டீசல், அதுவும் 2சி, எனக்குக் கடைசி. முன் அச்சுக்குப் பாரம், சூடேறினால் ஹெட் வெடிக்கும் என்ற கெட்ட பெயர் வேறு.

பத்திர வேலை பலரும் மறப்பது. எஞ்சின் இலக்கம், எரிபொருள் வகை எல்லாம் பதிவுப் புத்தகத்தில் இருப்பவை. எஞ்சின் விற்கும் கடையில் பில்லும் சுங்கப் பத்திரத்தின் பிரதியும் வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றாமல் ஓடினால், விபத்து நடந்த அன்று காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

பொகவந்தலாவைக்காரருக்கு எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து), வால்வு கிரைண்ட் செய்து, கார்புரேட்டர் ஊசியையும் மாற்றினோம். 4.55 டிஃப் ஒன்று கண்டியில் அகப்பட்டது. பிரேக் குழாய் முழுவதும் புதிது. நானுஓயா ஏத்தத்தில் லோடோடு ஓட்டிப் பார்த்தோம், மூன்றாம் கியரில் ஏறியது. முற்பணம் திரும்பி வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது. வரும்போதெல்லாம் கேட்கிறார்: "அண்ணே, அந்த 2சியை வேற எதுக்காச்சும் போடலாமா?"