வெயில் ஆவியாக்கியை வடிகட்டி என்று எழுதாதீர்கள்

கடல்நீரில் மிதந்து, வெயிலை உறிஞ்சி, நன்னீர் பெற உதவும் கறுப்புப் பஞ்சு போன்ற பொருளை 'சூரிய வடிகட்டி' என்று எழுதுகிறார்கள். திரும்பத் திரும்ப இதையே பார்க்கிறேன். இதற்கு ஆவியாக்கி என்பதே சரியான சொல்.

சொல் வரலாறு சிறிதுதான். 'எவாப்பரேட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் நீராவியைக் குறிக்கும் 'வபோர்' என்ற லத்தீன் சொல். தமிழில் ஆவி என்பது மூச்சு, உயிர், நீராவி மூன்றுக்கும் பொது. ஆவியாக்குவது ஆவியாக்கி.

வடிகட்டி என்றால் துணியோ வலையோ குறுக்கே நின்று கசடைத் தடுக்க வேண்டும். நீர் நீராகவே அதைக் கடக்கும். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. கறுப்புப் பொருள் வெயிலை வெப்பமாக்கி, தொட்டி முழுவதையும் சூடாக்காமல் மேற்பரப்பிலேயே நிறுத்துகிறது. நுண்துளைகள் வழியே ஏறிவரும் நீர் அங்கே ஆவியாகிறது. உப்பு ஆவியாகாது, அதனால் பின்தங்குகிறது. 2014-இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், கரிநுரை என்னும் நுண்துளைக் கரிப்பொருளின் மேல் கிராஃபைட் அடுக்கு வைத்துக் காட்டியதும், வெப்பத்தை மேற்பரப்பிலேயே நிறுத்தி நீரை ஆவியாக்கும் இந்த முறையைத்தான்.

'காய்ச்சி வடித்தல் என்கிறோமே, அதிலும் வடி இருக்கிறதே' என்பார்கள். சரி, இருக்கிறது. அங்கே வடிவது குளிர்ந்த ஆவி. தடுத்து நிறுத்தும் வேலை அதில் இல்லை.

வடிகட்டி என்று படிப்பவர், அழுக்கெல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும் என்று நம்பிவிடுவார். கழிவுநீரில் பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள் இருந்தால், அது நீராவியோடு சேர்ந்து நன்னீருக்குள் வந்துவிடும். ஆவியாக்கி என்று எழுதியிருந்தால், 'வேறு எதெல்லாம் ஆவியாகும்?' என்று கேட்கவாவது தோன்றும். உப்பு விஷயத்திலும் அதே குழப்பம்தான். மேலே படியும் உப்பு மீண்டும் கீழே உள்ள நீரில் கரைந்து இறங்கும்படி இந்தப் பொருளை வடிவமைக்கிறார்கள். வடிகட்டி என்ற பெயரை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

மொழிபெயர்ப்பவர்கள் படத்தைப் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள்: கீழே அழுக்கு நீர், மேலே நல்ல நீர், ஆகவே வடிகட்டி! வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு பத்தி படித்திருந்தால் போதும்.

'சூரிய' என்பதைவிட 'வெயில்' எளிது. மிதக்கும் பொருளுக்கு வெயில் ஆவியாக்கி என்று எழுதலாம். கண்ணாடி மூடி, நீர் சேரும் கலம் எல்லாம் சேர்ந்த முழுக் கருவிக்கு வெயில் வாலை. சித்த மருத்துவத்தில் தீநீர், அதாவது மூலிகைகளைக் காய்ச்சி வடித்த நீர், இறக்கும் கருவிக்கு வாலை என்றுதான் பெயர்.