செப்பாங்கில் கொதித்த பிரேக் ஆயில்

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் 15ஆம் வளைவுதான் கடைசி. அதற்கு முன்னால் நீளமான நேர்ப்பாதை ஒன்று இருக்கிறது, அங்கே என் பழைய சுவிஃப்ட் ஸ்போர்ட் முக்கி முனகி மணிக்கு 170 கிலோமீட்டரைத் தொடும். முதன்முதலில் போன அன்று, நான்காவது சுற்றில், அந்த வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தால் கால் பாதிக்குமேல் இறங்கியும் எதுவும் தட்டுப்படவில்லை. ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது. பதறிப்போய் இன்னும் இரண்டு தடவை அடித்து அடித்து மிதித்ததில் அரைகுறையாகப் பிரேக் பிடித்தது, ஆனால் வண்டி வளைவைத் தவறவிட்டு அகலமாக வெளியே ஓடித்தான் நின்றது. நல்லவேளை, அங்கே இடம் நிறைய விட்டு வைத்திருக்கிறார்கள்.

முந்தைய சுற்று வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய வளைவில்கூட, அதாவது 14இல், பெடல் கல் மாதிரி இருந்தது. சில விநாடிகளில் என்னதான் ஆனது? இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. வண்டியில் நான் செலவழித்த காசில் உருப்படியானது அதற்குப் பிறகு செலவழித்ததுதான், அதற்கு முன் வாங்கிய ஏர் ஃபில்டர், ஸ்டியரிங் உறை எல்லாம் தண்டம்.

சிங்கப்பூரில் வீட்டிலேயே ட்ராக் கார் தயார் செய்கிறேன் என்று யாராவது சொன்னால், எந்த வீட்டில் என்று கேட்க வேண்டியிருக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளின் கார்பார்க்கில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. எனக்குச் சிலேத்தார் ஹில்ஸில் தரைவீடு வைத்திருக்கும் மாமா ஒருவர் வாய்த்தார், அவர் வீட்டு வாசல்தான் என் பட்டறை. ஓட்டுவதற்கும் இங்கே இடம் கிடையாது. மெரினா பேயில் 2008 முதல் ஃபார்முலா 1 நடக்கிறது என்றாலும் மற்ற நாளெல்லாம் அது பஸ்ஸும் டாக்சியும் போகும் சாலை. எனவே பாலத்தைக் கடந்து 300 கிலோமீட்டருக்கு மேல் அதே வண்டியில் போய், அதிலேயே திரும்பி வந்து, திங்கட்கிழமை அதிலேயே பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். அப்புறம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள்: சில மாற்றங்களுக்கு முன்அனுமதி வேண்டும், சிலவற்றுக்கு அனுமதியே இல்லை. எடையைக் குறைக்கலாம் என்று பார்த்தால், எல்லையைத் தாண்டும்போது டாங்கியில் முக்கால்வாசி பெட்ரோல் இருந்தாக வேண்டும் என்று இன்னொரு சட்டம். சிஓஇ, அதாவது கார் வாங்கவே தேவைப்படும் உரிமைச் சான்றிதழ், ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் பார்த்த ஊரில் சட்டத்தோடு விளையாட எனக்குத் துணிச்சல் இல்லை. மிஞ்சுவது தேய்ந்து மாறும் பொருள்கள்தான். அதில் பிரேக் ஆயில் முதல் இடம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆளும் பெட்ரோலும் சேர்த்து வண்டி 1150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 170இலிருந்து 60க்குக் குறைத்தால் கிட்டத்தட்ட 11 லட்சம் ஜூல் ஆற்றலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். பிரேக்குக்குத் தெரிந்த ஒரே வழி அதைச் சூடாக மாற்றுவது. 30 டிகிரியில் இருக்கும் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகக் கிட்டத்தட்ட அவ்வளவு ஆற்றல்தான் தேவை. வீட்டில் இருக்கும் 2 கிலோவாட் கெட்டிலுக்கு அது ஒன்பது நிமிட வேலை. பிரேக் அதை மூன்றரை விநாடியில் முடிக்கிறது. அந்த மூன்றரை விநாடியில் அதன் சக்தி சுமார் 400 குதிரைத்திறன். என் எஞ்சின் 125. வண்டியிலேயே பலமான இயந்திரம் பிரேக்தான் என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை.

மிதிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் வேலையில் சுமார் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது. சக்கரத்தோடு சுழலும் முன் டிஸ்க் ஒன்று 5 கிலோ வார்ப்பிரும்பு என்றால், ஒரே ஒரு மிதியில் அது 170 டிகிரி அளவுக்குச் சூடேறும். கொஞ்சம் காற்று வாங்கி ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. செப்பாங்கில் ஒரு சுற்றுக்கு 15 வளைவு, 5.5 கிலோமீட்டர். எல்லா வளைவிலும் இப்படி மிதிக்க வேண்டியதில்லை என்றாலும் நாலைந்து இடங்களில் மிதித்தே ஆகவேண்டும். சூடு டிஸ்க்கிலிருந்து அதை உரசிப் பிடிக்கும் பேடுக்கும், பேடின் முதுகுத் தகட்டுக்கும், அங்கிருந்து பேடை அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டனுக்கும் மெல்ல மெல்லப் போகிறது. பிஸ்டனுக்கு அந்தப் பக்கம் இருப்பது பிரேக் ஆயில்.

ஆயில் என்பது பேச்சு வழக்குதான், அதில் எண்ணெய் கிடையாது, கிளைகால் ஈதர் வகை ரசாயனம். காலால் கொடுக்கும் அழுத்தத்தைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதன் வேலை. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் இது நடக்கிறது. ஆவியைச் சுருக்க முடியும். கேலிப்பருக்குள் சின்னக் குமிழ் ஒன்று உருவானாலும் போதும், நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடும், பேடுக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதுதான் நான் மிதித்த ஈரப் பஞ்சு.

14இல் கல் மாதிரி இருந்தது 15இல் ஏன் பஞ்சானது என்பதற்கு விடை அடுப்படியில் இருக்கிறது. குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாக்குப்பிடிப்பது அழுத்தத்தால்தானே? பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கும்போது குழாய்க்குள் குக்கரைவிடப் பல மடங்கு அழுத்தம், 50 வளிமண்டல அழுத்தத்துக்கு மேலேயே போகும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 260 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ஆக, மிதித்துக்கொண்டிருக்கும் வரை திரவம் அடங்கிக் கிடக்கிறது. வளைவு முடிந்து காலை எடுக்கிறீர்கள், அழுத்தம் சட்டென்று விழுகிறது, பேடிலிருந்து சூடு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. விசில் அடங்குமுன் குக்கரைத் திறந்தால் என்ன ஆகுமோ அது கேலிப்பருக்குள் நடக்கிறது. நேர்ப்பாதையில் நீங்கள் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடி சந்தோஷமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக் சத்தமில்லாமல் காலியாகிறது. தெரிய வருவது அடுத்த மிதியில்தான்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு தனிப் பங்கு உண்டு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றிலிருந்து, வண்டியில் ஊற்றிய பிறகு ரப்பர் குழாயின் சுவர் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். டாட் 4 என்று தரக்குறி போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 155 தாங்கினால் போதும் என்பது தரவிதி. டாட் 3க்கு அது 205, 140. டாட் 5.1க்கு 260, 180. நூற்றுக்கு நாலு சொட்டுகூட இல்லை, 75 டிகிரி போச்சு. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு இது பெரும்பாலும் தெரியவே தெரியாது, பீஷான் சிக்னலில் யாரும் 170இலிருந்து நிறுத்துவதில்லை.

அப்படியானால் ஈரத்தை உறிஞ்சாத திரவமாகப் பார்த்து ஊற்றலாமே என்று எனக்கும் தோன்றியது. இருக்கிறது, சிலிகோனில் செய்த டாட் 5. (5.1 வேறு, 5 வேறு, பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல. இரண்டையும் கலக்கக் கூடாது.) ஆனால் உள்ளே நுழையும் தண்ணீர் அதில் கரையாமல் தனியாக ஒதுங்கித் தாழ்வான இடத்தில், அதாவது சூடு அதிகமாக இருக்கும் கேலிப்பரில் போய்த் தங்கும். அங்கே 100 டிகிரியிலேயே கொதிக்கும், இரும்பையும் அரிக்கும். போதாததற்கு அந்தத் திரவம் அமுக்கினால் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். ஈரத்தைத் தன்னோடு கரைத்துப் பரப்பி வைத்துக்கொள்வது கிளைகாலின் குறை என்று நினைத்திருந்தேன், குணம்தான் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வீட்டு வாசலில் பழையதை எடுத்தோம். வேலை எளிதுதான், இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைக் கால்வாசித் திருப்புத் திறந்து, வெளியே வருவதை வாங்கிக்கொண்டு மூடியபின்தான் பெடலை விட வேண்டும். மூடுவதற்குள் விட்டால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம், நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் அது பெரும்பாலும் இடது பின்சக்கரம்.

"மிதிங்க மாமா."

"மிதிச்சிட்டேன்."

"அப்படியே பிடிங்க... இப்ப விடுங்க."

"எத்தனை தடவைடா? முட்டி வலிக்குது."

நிப்பிளில் மாட்டிய தெளிவான குழாயில் முதலில் வந்தது தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், நிறத்தில் இருந்தது, அதுவும் சீனி போடாத கெட்டித் தே ஓ. போன வருஷம்தான் மாற்றினேன் என்று ஒரு பட்டறைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். பத்துப் பன்னிரண்டு மிதிக்குப் பிறகு இளமஞ்சளாக, புதுத் தேன் மாதிரி வந்தது. நிறம் மட்டும் வைத்து ஈரத்தைச் சொல்லிவிட முடியாது, பழசு எது புதுசு எது என்று குழாயில் பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். பழையதைப் பிடித்த போத்தலை மாமி எட்டிப் பார்த்து யாருக்குத் தேத்தண்ணி என்று கேட்டார், உடனே அதில் பெரிதாக எழுதி ஒட்டினோம். அது விஷம். பெயின்ட்டையும் தின்றுவிடும், என் வண்டியின் இடது மட்கார்டில் அதற்குச் சாட்சியாக ஒரு தழும்பு இருக்கிறது. நாங்கள் ஊற்றியது பந்தயத்துக்கென்று விற்கும் வகை, புதிதாக இருக்கையில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும். அதுவும் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும், அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கொஞ்சமாவது மாற்றுகிறேன்.

அடுத்த தடவை எட்டுச் சுற்று வரை பெடல் அசையவில்லை. ஒன்பதில் வேறொன்று நடந்தது. பெடல் அதே கல், காலுக்குக் கீழே உறுதியாக நிற்கிறது, ஆனால் வண்டி மட்டும் நிற்க மறுக்கிறது. கூடவே கருகிய நாற்றம். இது பேடின் கோளாறு. பேடுக்குள் எல்லாவற்றையும் ஒட்டிவைத்திருப்பது ஒருவகைப் பிசின், ஊருக்குள் ஓட்டும் பேடில் 400 டிகிரியை ஒட்டி அது சிதைந்து வாயுவாக வெளியேற ஆரம்பிக்கும், பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் பிடிமானம் போய்விடும். பெடல் மெத்தென்று போனால் ஆயில், பெடல் உறுதியாக இருந்தும் நிற்காவிட்டால் பேட். எந்த மீட்டரும் வேண்டாம், கால் சொல்லிவிடும்.

ட்ராக் பேட் 600 டிகிரியிலும் வேலை செய்யும். பதிலுக்குக் காலையில் குளிர்ந்திருக்கும்போது சோம்பலாகப் பிடிக்கும், சக்கரமெல்லாம் கருந்தூள் அப்பும், அடுக்குமாடி கார்பார்க்கில் இறங்கும்போது யானை மாதிரி பிளிறும். எங்கள் புளோக்கில் நான் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறேன் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதனால் பயணத்துக்கு முதல் நாள் மாட்டி, வந்த பிறகு கழற்றுகிறேன், ஒரு மணிநேர வேலை.

பெரிய பிரேக் போட்டால் சீக்கிரம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு உங்கள் பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்றால், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயருக்கும் தாருக்கும் உள்ள பிடிப்புதான். பெரிய டிஸ்க் தருவது சூட்டை வாங்கிக்கொள்ள இன்னும் கொஞ்சம் இரும்பு. பத்தாவது மிதியும் முதல் மிதி மாதிரி இருக்கும், அதுவே பெரிய விஷயம்தான், ஆனால் அது வேறு விஷயம். அந்தக் காசில் கொஞ்சத்தைக் காற்றுக்குழாய்க்குச் செலவழிக்கலாம். முன் டிஸ்க்குகள் இரண்டு தட்டுகளுக்கு நடுவே துடுப்புகள் வைத்துச் செய்தவை. மழையில் நனைந்த குடையைச் சுழற்றினால் தண்ணீர் ஓரத்தில் தெறிக்கிறதே, அதுபோல டிஸ்க் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து ஓரம் வழியாக வீசுகிறது. அதனால் காற்றுக்குழாயின் வாயை டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காட்ட வேண்டும். டிஸ்க்கின் முகத்தில் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் ஆறும்.

இன்னொன்று, காசே செலவாகாதது. முதல் நாள் அசடு வழிய உள்ளே வந்து நிறுத்தியபோது பக்கத்து வண்டிக்காரத் தம்பி ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான்: "அண்ணே, ஹேண்ட்பிரேக் போடாதீங்க! கியர்ல விட்டுட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க." ஓடும்போது காற்றாவது அடிக்கிறது, நின்றுவிட்டால் டிஸ்க்கின் சூடு பேடு வழியாக ஆயிலுக்குப் போகும், நிறுத்திய இடத்தில் நின்றபடியே கொதிக்கும். பேடை அழுத்திப் பிடித்து வைத்தால் அதன் பொருள் ஒரே இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு மிதிக்கும் ஸ்டியரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லிப் புதிது விற்பார்கள், பல நேரங்களில் ஒட்டிய அந்தத் திட்டுதான் காரணம். கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டிவிட்டு வந்தால் இந்த வம்பெல்லாம் இல்லை.

போன பயணத்தில் பன்னிரண்டு சுற்றும் பிரேக் தாங்கியது. இறங்கிப் பார்த்தால் முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் மட்டும் பூனை பிறாண்டிய மாதிரி உரிந்து கிடக்கிறது, உள் ஓரத்தில் புது டயரின் முடிகூட உதிரவில்லை. வளைவில் டயர் நிமிர்ந்து நிற்காமல் தோளில் ஓடுகிறது, கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாயும் கோணம், போதவில்லை. மாமாவிடம் அடுத்த ஞாயிறு வாசல் காலியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறேன், பெடல் மிதிக்கிற வேலை இல்லையென்றால் வரலாம் என்கிறார்.