ஒரு கூரை, பல அடுப்பு: மேகக் கணிமை இயங்கும் விதம்

காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் பூக்கல் என்னும் தரை ஓடு வார்க்கும் பட்டறைக்காரர் ஒருவர், கண்ணாடிப் பலகையிலிருந்து பிரித்தெடுத்த புதுக் கல்லைக் கைப்பேசியில் படமெடுத்து, வெளியூர் வாடிக்கையாளர் பார்ப்பதற்காக இணையச் சேமிப்பகத்தில் ஏற்றுகிறார். இப்படித் தொலைவிலுள்ள கணினிகளின் சேமிப்பையும் திறனையும் இணையம் வழியே பயன்படுத்துவதே மேகக் கணிமை. அந்தப் படம் அருகிலுள்ள கோபுரத்துக்கு வானலையாகச் சென்று, அங்கிருந்து கண்ணாடி இழைக்குள் ஒளியாக நுழைந்து, சென்னையிலோ மும்பையிலோ, சர்வர் எனப்படும் சேவைக் கணினிகள் வரிசையாக நிற்கும் தரவு மையத்தை அடைகிறது. இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்பதால், காரைக்குடிக்கும் சென்னைக்கும் இடையிலான 400 கிலோமீட்டரை அது கடக்க ஏறக்குறைய 2 மில்லி நொடியே போதும்.

அங்கே படம் ஒரே வட்டில் முழுதாக வைக்கப்படுவதில்லை. ஒரு கோப்பை 10 துண்டுகளாக்கி, அவற்றிலிருந்து கணித முறையில் பெறப்பட்ட 4 துண்டுகளையும் சேர்த்து, 14 துண்டுகளையும் வெவ்வேறு வட்டுகளில் வைத்தால், எந்த 4 துண்டுகள் அழிந்தாலும் மீதியைக் கொண்டு கோப்பை முழுமையாக மீட்டுவிடலாம். வட்டுகள் பழுதாகியே தீரும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு திட்டமிடும் இந்த அணுகுமுறைதான் மேகக் கணிமையின் ஆகச் சிறந்த சிந்தனை என்பது என் கருத்து.

சேமிப்பைப் போலவே கணக்கிடும் திறனும் பகிரப்படுகிறது. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் மணமான மகனை ‘வேறு வைப்பது’ வழக்கம். வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியும் முகப்பும் பொதுவாக இருக்க, ‘புள்ளி’ எனப்படும் ஒவ்வொரு மணமான தம்பதிக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனி வரவு செலவு உண்டு. ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் ஒரு பெரிய சர்வரை இதே முறையில் பிரித்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் செயலித் திறனிலும் நினைவகத்திலும் தனிப் பங்கு கொடுக்கிறது. ஒருவருடைய பங்குக்குள் மற்றவர் எட்டிப்பார்க்க முடியாது. இவ்வாறு உருவாகும் மெய்நிகர் கணினி, தான் தனிக் கணினி என்றே கருதி இயங்கும். ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே இவ்வசதியைத் தன் பெருங்கணினிகளில் வணிக முறையில் வழங்கியது.

மின்சாரம், தொலைபேசி போலக் கணிமையும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்று 1961இல் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி கூறினார். 2006இல் அமேசான் தன் சேமிப்பையும் கணினித் திறனையும் வாடகைக்கு விட்டபோது அது நடைமுறைக்கு வந்தது. சிறு தொழில் செய்வோர் சர்வர் வாங்க முதல் போட வேண்டியதில்லை. விழாக்காலத்தில் வாடிக்கையாளர் பெருகினால் கூடுதலாக எடுத்துக்கொண்டு, கூட்டம் குறைந்ததும் திருப்பிவிடலாம்.

ஆனால் இணையம் அறுந்தால் கோப்பு கைக்கெட்டாது. கணக்கு முடங்கினாலும் அதே நிலைதான். தலைமுறைகளாகத் தொகுத்த வடிவமைப்புகளை வைத்திருப்பவர், வீட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

இனி என்ன வரும்? சர்வரைப் பற்றி நினைக்கவே தேவையின்றி, நிரல் ஓடிய நேரத்துக்கு மட்டும் கட்டணம் பெறும் முறை 2014 முதல் பரவிவருகிறது. தாமதத்தைத் தாங்காத வேலைகளுக்காக, சிறு தரவு மையங்களைப் பயனருக்கு அருகிலேயே அமைக்கும் விளிம்புக் கணிமையும் வளர்கிறது. இவற்றைவிடப் பெரிய கேள்வி மின்சாரம் பற்றியது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி, 2024இல் தரவு மையங்கள் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டைப் பயன்படுத்தின. செயற்கை நுண்ணறிவால் அது வேகமாக உயர்ந்துவருகிறது.

மின்சாரம் தடைபட்ட கணத்துக்கும் ஜெனரேட்டர் முழுச் சுமையை ஏற்கும் கணத்துக்கும் இடையே சர்வர்களைத் தாங்குபவை மின்கலங்கள். பகலில் கிடைக்கும் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கவும் அவையே வேண்டும். வள்ளல் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், லித்தியம் அயனி மின்கலங்களை ஆராய்ந்துவருகிறது. மேகக் கணிமையின் வளர்ச்சிக்கு மென்பொருளுக்கு நிகராக இத்தகைய மின்வேதியியல் ஆய்வுகளும் தேவைப்படுகின்றன.