குழுக் கடன் தவணை தவறினால் சிறையா?

சென்ற வாரம் சட்ட உதவி மையத்தில் என்னைச் சந்தித்த பெண்ணின் தாலிக்கயிற்றில் தாலி இல்லை. ஒரு மஞ்சள் துண்டுதான் முடியப்பட்டிருந்தது. குழுக் கடனில் இரண்டு தவணை தவறியதற்கு, வசூலுக்கு வந்தவர் "நாளைக்குப் போலீஸ் வரும்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலையிலேயே தாலியை அடகு வைத்துப் பணத்தைக் கட்டிவிட்ட அந்தப் பெண், அடுத்த தவணை தவறினால் எத்தனை நாள் சிறை என்று கேட்பதற்காக வந்திருந்தார். இதே கேள்வியை மாதந்தோறும் கேட்டு எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது.

பொய் ஆவணம் காட்டி வாங்காத வரை, கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றமே அல்ல. அது உரிமையியல் (சிவில்) விவகாரம். கடன் கொடுத்த நிறுவனம் வழக்குத் தொடரலாம், வெல்லவும் செய்யலாம். வென்ற பிறகும், பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்து சிறையில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடக் கூடாது என்று 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 56-ஆவது பிரிவில் சொல்கிறது. சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணிகலன் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது என்கிறது 60-ஆவது பிரிவு. நீதிமன்றமே தொட முடியாத தாலி, ஒருவருடைய வாய்ச்சொல்லுக்கு அஞ்சி அடகுக் கடைக்குப் போயிருக்கிறது.

வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு கடிதம். அது சம்மன் அல்ல. சம்மன் என்பது நீதிமன்றத்துக்கு வந்து பதில் சொல்லும்படியான அழைப்பு. அது வாரண்ட் அல்ல. படித்த கணவன்மார்கூட இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வீட்டுப் பெண்களை மேலும் மிரட்டுகிறார்கள்.

காசோலை மட்டும் வேறு கதை. பணமின்றித் திரும்பிய காசோலைக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின் கீழ்க் குற்ற வழக்கு வரும். எனவே தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை அக்குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தவணை கட்டக் குறித்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறையாவது நீங்கள் வராமல் போனால்தான் வசூலிப்பவர் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைப்பது, வசைபாடுவது, உறவினரைத் தொந்தரவு செய்வது எல்லாம் தடைசெய்யப்பட்டவை.

அடுத்த வீட்டுக்காரருக்காக உங்கள் பெயரில் கடன் எடுத்துக் கொடுக்காதீர்கள்; அவர் ஊரைவிட்டுப் போனாலும் தவணை உங்கள் பெயரில்தான் நிற்கும். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் கடன் அட்டையில் பதிவு வாங்காமல் எழுந்து வராதீர்கள். குழுத் தவணையை அடைக்கக் கந்துவட்டிக்கு மட்டும் போகாதீர்கள், தாயே. 2003-இலேயே தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட அந்த வட்டியில் விழுந்தவர்களை மீட்பதுதான் எங்களுக்கு மிகக் கடினமான வேலை.

வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்; 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். கடன் அட்டையும் வந்த நோட்டீஸும் கையில் இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டாலும், நகையைக் கழற்றுவதற்கு முன்பு வாருங்கள்.