பின் சக்கரம் எப்போது இழுக்கும்?

வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது, கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் போன்ற ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கக்கூடிய) எஸ்யூவி ஏறக்குறைய முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிதான். கியர்பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னால் போகிறது. அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் கிரவுனுக்கு (பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் கியர் பெட்டிக்கு) முன்னால் உட்கார்ந்திருக்கும் கப்ளிங் பிடித்தால்தான் பின்சக்கரத்துக்கு இழுவை போகும்.

கப்ளிங் என்பது எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் பிளேட்டுகளின் அடுக்கு. இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஒரு மின்காந்தம் முதலில் சின்னக் கிளட்சை இழுக்கும். உருளும் குண்டுகள் அந்த விசையைப் பெருக்கிப் பெரிய பிளேட்டுகளை நெருக்கும். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னதும், கண் இமைக்கும் நேரத்தில் இது நடந்து முடிந்துவிடும். மழை நாளில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற இது போதும், ஆட்டோ மோடிலேயே விட்டுவிடலாம். பிளேட்டுகளை இறுக்கியே வைக்கும் லாக் மோடு அங்கே வேண்டாம். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் போகும் தூரம் வேறு. பிடிப்புள்ள தார் ரோட்டில் பிளேட்டுகள் இறுகியிருந்தால் வண்டி இழுத்து இழுத்து விடும். இறக்கத்தில் ஆல் வீல் டிரைவ் பிரேக்குக்கு எந்த உதவியும் செய்யாது. கீழ் கியர்தான் கைகொடுக்கும்.

பாலாற்றங்கரை மணல் வேறு கதை. சக்கரம் புதைந்தபின் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் பிளேட்டுகள் நழுவி நழுவிச் சூடேறும். மே மாத வெயிலில் எண்ணெய் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். ஓர் அளவைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் கப்ளிங்கைத் திறந்துவிடும், டேஷ்போர்டில் எச்சரிக்கை எரியும், பின்சக்கரத்துக்கு இழுவை நின்றுபோகும். பலர் இதைப் பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். நிறுத்தி ஆறவிட்டால் பெரும்பாலும் தானே திரும்பிவிடும். மணலில் இறங்கும் முன்பே லாக் போட்டு, சக்கரம் வழுக்கிச் சுற்றினால் இழுவையைக் குறைக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்து, டயர் காற்றை 20 பிஎஸ்ஐ வரை குறைக்க வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும். புதைய ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுப்பதுதான் வழி.

ஆனாலும் கப்ளிங்கை மெல்லத் தின்பது மணல் இல்லை, டயர். 215/60 ஆர்17 டயரின் சுற்றளவு சுமார் 2,167 மி.மீ. முன்டயரில் 4 மி.மீ. தேய்ந்திருந்தால் அது 25 மி.மீ. குறையும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு முன்சக்கரம் 5 சுற்று கூடுதலாகச் சுற்றும். சென்னை போய்ச் சேர்வதற்குள் 700-க்கும் மேல். அத்தனையையும் நழுவி ஈடுகட்டுவது பிளேட்டுகள்தான். போதாததற்கு, கம்ப்யூட்டர் இதைச் சறுக்கல் என்று எண்ணிக் காரணமே இல்லாமல் கப்ளிங்கைப் பிடிக்கவும் கூடும். ஜவ்வாது மலைக் கல்பாதையில் ஒரு டயர் கிழிந்தால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது பொய்யான சிக்கனம். பொதுவாக நான்கிலும் தேய்மான வித்தியாசம் 2 மி.மீ.-க்குள் இருக்கட்டும், 10,000 கி.மீ.-க்கு ஒருமுறை முன்டயரைப் பின்னுக்கும் பின்டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டால் போதும்.

அடுத்தது தண்ணீர். ஐப்பசி மழையில் தரைப்பாலத்தைக் கடந்தால், சூடான கிரவுன் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும். ப்ரீதர் (கிரவுனுக்குள் காற்று போய்வரும் துளை) தண்ணீரில் மூழ்கியிருந்தால் அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியான ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் பால் காபி நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். கிரவுன் ஆயிலும் கப்ளிங் ஆயிலும் பல வண்டிகளில் தனித்தனி. இரண்டுமே கையேட்டில் சொன்ன வகைதான் ஊற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் பிளேட்டுகள் அதிர ஆரம்பிக்கும்.

வண்டி வழியில் நின்றுவிட்டால், முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுத்துப் போக விடாதீர்கள். முன்சக்கரம் நின்றிருக்கப் பின்சக்கரம் மட்டும் உருண்டால் இடையில் மாட்டுவது கப்ளிங்தான். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் லாரியே வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.