சொந்த ஊரில் மனை வாங்கும் முன் அத்தைகளின் பெயரை எழுதுங்கள்

மன்னார்குடிப் பக்கம் நிலப் பத்திரங்களைப் படித்துப் பார்த்துக் கருத்துரை எழுதிக் கொடுக்கும் வழக்கறிஞர் நான். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. வெளியூரில் மனை வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பத்திரக் கட்டோடு வந்துவிடுவார்கள். சொந்த ஊரில் வாங்குகிறவர்கள் அப்படி வருவதில்லை. "நம்ம ஊரு, நம்ம சொந்தம், இதுல பார்க்க என்ன இருக்கு" என்று பதிவை முடித்துவிட்டு, கையில் வக்கீல் நோட்டீஸோடுதான் வருகிறார்கள்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்த ஊரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு கடைசிக் காலத்தை அங்கே கழிக்க வேண்டும் என்று ஆசை. பங்காளி வகையில் பெரியப்பா முறை ஆகிற ஒருவரிடமிருந்து ஏறக்குறைய 9 செண்ட் கொல்லையை வாங்கினார். பட்டா பெரியப்பா பெயரில் இருந்தது. வில்லங்கம் போட்டுப் பார்த்தார், ஒன்றுமில்லை. பெரியப்பாவின் தம்பி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய பிறகு திருப்பூரிலிருந்து நோட்டீஸ் வந்தது. அனுப்பியவர் பெரியப்பாவின் தங்கை. இவருக்கு அத்தை முறை.

என் மேஜையில் பத்திரங்களை விரித்ததும் நான் முதலில் கேட்டது, "இது பெரியப்பாவுக்கு எப்படி வந்தது?" என்பதுதான். பெரியப்பாவின் அப்பா 1962-இல் கிரயம் வாங்கிய இடம். 1981-இல் அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் நான்கு பேர்: மகன்கள் இரண்டு, மகள்கள் இரண்டு. அண்ணனும் தம்பியும் ஊர்ப் பெரியவர்களை வைத்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, வீடு தம்பிக்கு, கொல்லை அண்ணனுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தத் தாளை நான் பார்த்தேன். மடிப்பில் கிழிந்து, பின்னால் நாளிதழ்த் துண்டை ஒட்டி வைத்திருந்தார்கள். ஆறு கையெழுத்துகள் இருந்தன. அவற்றில் ஒரு பெண்ணின் கையெழுத்துகூட இல்லை.

ஆக, பெரியப்பா விற்ற ஒன்பது செண்டில் நாலரை செண்டுக்கு உரியவர்கள் இரண்டு அத்தைகள். அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

இங்கே நிறைய பேர் ஒரு தவறான கணக்கு வைத்திருக்கிறார்கள். "89-க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்பார்கள். தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அப்போது மணமாகாமல் இருந்த மகள்களுக்கு அதில் மகனைப் போலவே பிறப்பால் உரிமை கொடுத்தது. மணமான மகள்களை அது வெளியே விட்டது உண்மைதான். 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அப்பா தன் கைக்காசில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்த சொத்து என்றால் கதையே வேறு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் அதில் சம பங்கு. மணமானவரா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழாது. நம் அத்தைகளின் உரிமை அவர்களின் அப்பா இறந்த அன்றே வந்துவிட்டது. (கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. ஆனால் அங்கும் மகள் வாரிசுதான்.)

"நாப்பது வருஷமா ஊர்ப் பக்கமே வரலையே சார், அப்புறம் என்ன பங்கு?" என்றும் கேட்பார்கள். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு இதில் உரிமையே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்கும் தெரிந்து, அதன் பிறகு 12 வருடம் ஓடியிருக்க வேண்டும். அண்ணன் வீட்டுக்குத் தீபாவளிக்கு வந்து சீர் வாங்கிப் போன தங்கையை அப்படி வெளியே தள்ளியதாக நிரூபிக்க முடியுமா?

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து வம்சாவளியை எழுதச் சொல்கிறேன். நிலத்தைக் கடைசியாகப் பத்திரம் மூலம் வாங்கியவர் யாரோ, அவரிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் எத்தனை, யார் இருக்கிறார்கள், யார் இல்லை, இல்லாதவர்களுக்கு வாரிசு யார் என்று எல்லாம் வர வேண்டும். பத்தில் எட்டுப் பேர் ஆண்களின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். "அத்தைங்க?" என்று கேட்டால்தான் பேனா மறுபடி ஓடும். சின்ன வயதில் இறந்த மகனின் மனைவி மறுமணம் செய்துகொண்டு போயிருப்பார். அவரும் அப்படித்தான் விட்டுப்போவார். அந்தத் தாளையும் வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சான்றிலேயே பெண்களின் பெயரை விட்டுவிட்டு வாங்கியிருப்பதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். பங்குதாரர்களில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவையா என்று பார்க்காமல் கையெழுத்து வாங்காதீர்கள். அந்தப் பிள்ளை மேஜரான பிறகு வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது.

சரி, பட்டாதான் பெரியப்பா பெயரில் இருந்ததே என்று தோன்றும். கிராமத்தில் பட்டா என்றால் எல்லாம் முடிந்தது என்ற நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. பட்டா என்பது வருவாய்த் துறையின் கணக்கு. உரிமையை அது உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. 1980-களில் யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, அன்றைக்கு ஊரில் யார் இருந்தார்களோ, யார் தீர்வை கட்டினார்களோ, அவர்கள் பெயர்தான் பல இடங்களில் ஏறியது. அண்ணன் பெயரில் ஏறிய பட்டாவை வைத்துத் தம்பிகளும் தங்கைகளும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்பதும் அப்படித்தான். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். வாரிசுரிமை பதிவாவதில்லை, வாய்மொழி ஒத்தி பதிவாவதில்லை. இன்னொரு விஷயம், நத்தம் (ஊர்க் குடியிருப்புக்கான நிலம்) மனைகளுக்கு ரொம்ப முக்கியம். நத்தம் நிலவரித் திட்டத்துக்கு முன்னால் ஊர் நத்தம் முழுவதும் ஒன்றிரண்டு சர்வே எண்ணுக்குள் கிடந்தது. பழைய பத்திரங்களில் நான்கு மால் (நான்கு பக்க எல்லை) மட்டும்தான் இருக்கும்: "இன்னார் மனைக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு" என்று. பிறகுதான் மனைவாரியாகத் தனி எண் வந்தது. புது எண்ணை மட்டும் போட்டு வில்லங்கம் எடுத்தால் பழைய அடமானமோ கிரயமோ கண்ணில் படாது. பழைய எண்ணையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்காத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடித்தான் வாங்க வேண்டும். அலைச்சல்தான், ஆனாலும் செய்யுங்கள்.

எங்கள் டெல்டாவுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பல ஊர்களில் தெருவே கோயில் நிலத்திலோ மடத்து நிலத்திலோ இருக்கும். வீடு குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது. வருடா வருடம் அடிமனை வாடகை கட்டிய ரசீது பரணில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும். மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பதால் அது தங்கள் சொந்த மனை என்றே அந்த வீட்டுப் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குத் துளியும் இருக்காது. மேலே உள்ள வீட்டை விற்கலாம், அடிமனையை அவர்கள் விற்க முடியாது. கோயில் நிலத்தை விற்பதற்கு 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி துறையின் அனுமதி வேண்டும். வருவாய்த் துறையின் அ-பதிவேட்டு நகலை எடுத்துப் பார்த்தால் நிலம் யார் பெயரில், என்ன வகையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மேய்க்கால், களம், வாய்க்கால் என்று புறம்போக்கு வகைகளும் அதில்தான் பிடிபடும். பஞ்சமி நிலமாக இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். 1892 முதல் ஆதிதிராவிட மக்களுக்காக ஒதுக்கப்பட்ட அந்த நிலத்தை மற்றவர்கள் வாங்க முடியாது. வாங்கினால் செல்லாது. அது அவர்களுக்கே போய்ச் சேர வேண்டிய நிலம் என்பதையும் நான் சொல்லாமல் விட மாட்டேன்.

மனையாக இல்லாமல் வயலை வாங்கிக் கட்டுவது என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். நஞ்சையை வீட்டுமனையாக மாற்ற நகர் ஊரமைப்புத் துறை அனுமதி வேண்டும். அந்த வயலில் பதிவு பெற்ற குத்தகைதாரர் இருந்தால் 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குக் காவலாக நிற்கும். வாங்கிவிட்டோம் என்பதற்காக அவரை இறக்கிவிட முடியாது. நத்தத்தில் இந்தத் தொல்லைகள் கிடையாது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரையும் ஒரு மாடியும் கட்ட இணையத்திலேயே அனுமதி எடுக்கலாம்.

அளவுக்கு வருவோம். அந்த ஓய்வு பெற்றவரின் மூலப் பத்திரத்தில் 27 குழி என்று இருந்தது. எங்கள் பக்கம் ஒரு குழி 144 சதுர அடி, ஆக 3,888 சதுர அடி. பட்டாவில் 350 சதுர மீட்டர், அதாவது 3,767 சதுர அடி. சர்வேயரை வைத்து அளந்தபோது மேற்குப் பக்கம் சந்து கொஞ்சம் உள்ளே வந்திருந்ததால் அதற்கும் குறைந்தது. பணம் கொடுத்தது 27 குழிக்கு. இந்த மூன்று அளவும் ஒன்றாக இருந்த மனையை என் அனுபவத்தில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பதிவுக்கு முன்பே அளந்து கல் போட்டு, எது குறைவோ அதற்கு விலை பேசுங்கள். பாதையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பின்கொல்லை மனைக்கு முன்வீட்டுக்காரர் வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். "அண்ணன் வீடுதானே, வழி விடாமலா போயிடுவார்" என்பார்கள். அண்ணன் விடுவார், அவர் மருமகன் விட மாட்டார். எத்தனை அடி அகலம், எங்கிருந்து எங்கே என்று பாதை உரிமையைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.

சிங்கப்பூரில் இருக்கிற பங்குதாரர் பவர் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்புகிறார் என்றால், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிச் சரிசெய்ய வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் அன்றோடு போய்விடும். பத்திரம் பதிவாகும் நாளன்று அவரோடு வீடியோவில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

செலவைக் கணக்கிட்டுத்தான் நிறைய பேர் பாகப்பிரிவினையைப் பதியாமல் விடுகிறார்கள். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் அவ்வளவு இல்லை. தலா ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விற்கிற குடும்பத்தை முதலில் அதைச் செய்து முடிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் தள்ளிப்போகும், போகட்டும்.

திருப்பூர் அத்தையிடம் நானே போனில் பேசினேன். பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. "எங்கப்பா வாங்கின இடம். விக்கப் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லலை. பந்தல்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்றார். பெரியப்பாவையும் அழைத்து உட்கார வைத்துப் பேசினோம். வாங்கிய பணத்தில் தங்கைகளின் பங்கை அவர் திருப்பிக் கொடுத்தார். இரண்டு அத்தைகளும் தம்பியும் தங்கள் பங்கை வாங்கியவருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். இதற்குள் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. தோண்டிய வானம் ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீரோடு கிடந்து ஓரங்கள் சரிந்துவிட்டதால் மறுபடி தோண்ட வேண்டியதாயிற்று.

பதிவன்று அத்தை காலையிலேயே வந்துவிட்டார். கையெழுத்து, கைரேகை, போட்டோ எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் வாங்கியவரிடம், "கொல்லைக் கிணறு இன்னும் இருக்காப்பா?" என்று கேட்டார். இருக்கிறது என்றார் இவர். ஆட்டோவில் சேர்ந்தே ஊருக்குப் போனார்கள். கிணற்றைத் தூர்க்காமல் வீட்டின் வரைபடத்தை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டதாக அப்புறம் என்னிடம் சொன்னார். கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அத்தைகள் இருவர் பெயரும் இருந்தன.