நாற்பதுக்கு மேல் கயாக் பழகுகிறவர்களின் தோள்

"மிஸ், கொண்டை போடக் கை பின்னால போகுதில்ல."

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் என் சிகிச்சை அறை இருக்கிறது. அங்கே எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வயது 48. வங்கியில் வேலை. ஒன்பது வாரங்களுக்கு முன் அலுவலக நண்பர்களோடு கித்துல்கலவுக்குப் போயிருக்கிறார். றப்பர் படகில் கூட்டமாக ஆற்றில் இறங்கும் ராஃப்டிங் ஏற்கெனவே இரண்டு தடவை போனவர் என்பதால் இந்தமுறை கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் தனியாளாக ஏறியிருக்கிறார். "போட் சரியப் போகுது எண்டு பயந்து துடுப்பைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சேன். தண்ணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போயிட்டு." வலது தோள் கழன்றுவிட்டது. (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன், தோளைப் பற்றியவற்றை மாற்றவில்லை.)

அவரைப் போல வருகிறவர்கள் இப்போது அதிகம். பிள்ளைகள் வளர்ந்து, கடன் ஓரளவு தீர்ந்து, இனியாவது நமக்கென்று ஏதாவது செய்யலாம் என்று ஆசைப்படும் வயது அது. அந்த ஆசையை நான் மிகவும் மதிக்கிறேன். நானும் 51 வயதில்தான் கயாக் பழகத் தொடங்கினேன். இந்த நோயாளிகளின் தோளுக்குத் தண்ணீரில் என்ன நடக்கிறது என்று அறியப் போன எனக்கு, இப்போது அந்த ஆறு இல்லாமல் இருக்க ஏலாது. ஆகவே போகவேண்டாம் என்று தடுக்க இதை எழுதவில்லை. எந்த ஒழுங்கில் பழகினால் தோள் தப்பும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த மூட்டைப் பாருங்கள். இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தோளில் அப்படியில்லை. பெரிய பந்து ஒன்று சின்னத் தட்டில் சாய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் கையை எந்தப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அந்தப் பந்தைத் தட்டோடு இழுத்துப் பிடித்து வைத்திருப்பவை நான்கு சிறிய தசைகள், அவற்றை எலும்போடு கட்டும் நாண்கள், சுற்றியுள்ள உறை. கழலும் தோள்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் முன்பக்கமாகவே கழல்கின்றன. அதற்கான நிலை எது தெரியுமா? முழங்கை தோளுக்கு மேலே, உள்ளங்கை முன்னோக்கி, கை உடம்புக்குப் பின்னால். ஓடும் பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடித்து நிற்கையில் சாரதி திடீரென்று பிரேக் போட்டால் கை போகுமே, அதே நிலை. பயந்தவர் துடுப்பைத் தூக்கும்போது தோள் அங்கேதான் போய் நிற்கிறது. மிச்சத்தை ஆற்றுத் தண்ணீர் செய்துவிடுகிறது.

இருபது வயதுப் பையனுக்குத் தோள் கழன்றால், அது திரும்பத் திரும்பக் கழலுமா என்பதுதான் கவலை. நாற்பதைத் தாண்டியவருக்குக் கவலை வேறு. நாண்கள் தேய்ந்திருக்கும் வயதில், பந்து கழலும்போது நாணையும் கிழித்துக்கொண்டு போகிறது. அந்தச் சகோதரிக்கு நடந்ததும் அதுவே. முதலில் காட்டிய இடத்தில் மூட்டை ஏற்றி, எக்ஸ்ரே பார்த்து, "எலும்பில் ஒன்றுமில்லை" என்று கையைத் துணித்தொட்டிலில் போட்டு ஆறு கிழமை அசைக்க வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறார்கள். நாண் கிழிந்தது எக்ஸ்ரேயில் தெரியாது. அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். அதற்கிடையில் அவருக்குச் சீனி வருத்தமும் இருந்ததால், அசையாமல் கிடந்த மூட்டு இறுகத் தொடங்கிவிட்டது. சீனி வருத்தக்காரருக்குத் தோள் உறைவது மற்றவர்களைவிட அதிகம். அதிலும் ஆறு கிழமை அசைக்காமல் வைத்தால் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நாற்பதுக்கு மேல் தோள் கழன்று, மூட்டை ஏற்றி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகும் கையைப் பக்கவாட்டில் தூக்க ஏலாமல் இருந்தால், நாணைப் பார்க்க ஸ்கேன் வேண்டுமா என்று நீங்களே டொக்டரிடம் கேளுங்கள். தோளின் வெளிப்பக்கம் கையகலத்துக்கு மரத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அங்கே ஒரு நரம்பு இழுபட்டிருக்கலாம்.

இனித் தண்ணீர்.

கித்துல்கல கொழும்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர். அவிசாவளையால் ஹற்றன் வீதியில் ஏற வேண்டும். அங்கே பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் களனிதான் பிறகு மட்டக்குளியில் அமைதியாகக் கடலில் விழுகிறது. ஆற்றுப் பாய்ச்சலை உலகெங்கும் ஆக எளியது 1, ஆகக் கடினமானது 6 என்று தரம் பிரிக்கிறார்கள். ராஃப்டிங் போகும் பகுதியில் பெரும்பாலும் 2, 3. எட்டுப் பேர் ஏறும் றப்பர் படகுக்கு அது கொண்டாட்டம், தனியாள் கயாக்கில் முதல் தடவை ஏறுகிறவருக்கு அப்படியில்லை. ராஃப்டிங் அனுபவம் கயாக்குக்குக் கணக்கில் வராது என்பதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் எனக்குப் பெரிய வேலை. ராஃப்டில் நீங்கள் பயணி. கயாக்கில் உங்கள் இடுப்புத்தான் படகு.

ஆகவே தொடக்கம் கித்துல்கலவில் வேண்டாம், நீச்சல் தடாகத்தில் இருக்கட்டும். கயாக்கின் வாயை மூடி இடுப்பைச் சுற்றி இழுத்துக் கட்டும் ஸ்ப்ரே டெக்கின் முன்னால் ஒரு வளையம் உண்டு. படகு கவிழ்ந்தால் உடனே முன்னுக்குக் குனிய வேண்டும், மூக்கு படகின் மேற்தட்டை முத்தமிடும் அளவுக்கு. முகமும் தோளும் பாறையிலிருந்து தப்புவது அந்தக் குனிதலால்தான். பின் இரண்டு கையாலும் படகின் அடியில் மூன்று தட்டு. விளிம்பு வழியே கையை ஓட்டி வளையத்தைப் பிடித்து, முன்னுக்குத் தள்ளி இழுத்து, காலை விடுவித்து வெளியே வருவது. வெட் எக்ஸிட் என்பது இதுதான். அந்த மூன்று தட்டு தலைகீழாகவும் நிதானமாக இருக்கிறோம் என்று உடம்புக்கே சொல்லும் செய்தி. என் முதல் தடவை தட்ட மறந்தேன். ஐந்தாவது தடவை எண்ணித் தட்டினேன். பத்தாவது தடவை தண்ணீருக்குள் கண் திறந்து, தடாகத்தின் நீல ஓடுகளைப் பார்த்துக்கொண்டே தட்டினேன். அங்கு வரும்வரை ஆற்றுக்குப் போகவேண்டாம். பயந்த மனிதர்தான் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்குகிறார். பயம் தெளிந்தால் தோளுக்குப் பாதிக் காவல் கிடைத்த மாதிரி.

அடுத்தது பொல்கொட வாவி போன்ற அமைதியான தண்ணீர். நேராகப் போக, திருப்ப, சரியும் படகைத் தாங்க அங்கே பழகலாம். தாங்குவதற்கு இரண்டு வகை உண்டு. லோ பிரேஸில் துடுப்பு மடிக்கருகே இருக்கும், முழங்கை அதற்கு மேலே, தரையில் கையூன்றி எழும்புவது போல. தொடங்குகிறவருக்கு இது ஒன்றே போதும் என்பது என் கருத்து. ஹை பிரேஸில் துடுப்பு நெஞ்சுக்கு நேரே, முழங்கை அதற்குக் கீழே. எங்களுக்குப் பழக்கிய கித்துல்கலத் தம்பி தண்ணீருக்கு அப்பாலிருந்து ஓயாமல் கத்துவார்: "வெலமிட்ட பஹலட! வெலமிட்ட பஹலட!" முழங்கை கீழே, முழங்கை கீழே. உடற்கூற்றியல் புத்தகத்தில் பக்கம் பக்கமாய்ப் படித்ததை அவர் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார்.

கை எப்போதும் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பெட்டிக்குள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் துடுப்புப் போட வேண்டுமென்றால் கையை மட்டும் அனுப்பாதீர்கள். நெஞ்சையே அந்தப் பக்கம் திருப்புங்கள், பெட்டியும் கூடவே திரும்பும். இதற்கு முதுகு முறுக வேண்டும், நாள் முழுக்கக் கணினிக்கு முன் இருக்கும் முதுகு முறுகாது. வீட்டில் சுவரோடு முதுகை ஒட்டிக் காலை நீட்டி நிலத்தில் இருந்து பாருங்கள். அடிமுதுகு சுவரை விட்டு வளைந்து நழுவினால் உங்கள் தொடையின் பின்தசை இறுகியிருக்கிறது. கயாக்கில் அதே இருப்புத்தான், அதுவும் மணிக்கணக்காக. தினமும் பத்து நிமிடம் அந்தத் தசையை நீட்டிவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் படகில் ஏறுங்கள்.

தோளுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி இதைவிட எளிது. ஒரு கைத்துவாயைச் சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே வையுங்கள். முழங்கையை 90 பாகை மடக்குங்கள். கதவுப் பிடியில் கட்டிய றப்பர் பட்டியைப் பிடித்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். துவாய் விழக்கூடாது. 15 தடவை, மூன்று சுற்று, கிழமைக்கு மூன்று நாள். துவாய் விழுந்தால் பெரிய தசைகள் வேலையைப் பறித்துக்கொண்டன என்று அர்த்தம். பட்டி இலகுவானதாக இருக்கட்டும். ஆண்கள் இதில் பொறுமை இழந்து பாரமான பட்டி கேட்பார்கள், நான் கொடுப்பதில்லை.

கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்தும் ரோலைப் பற்றியும் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் பழகுங்கள். ரோல் வருவது இடுப்பைச் சட்டென்று திருப்புவதால், கைபலத்தால் வராது. தலை கடைசியாகத்தான் தண்ணீரை விட்டு வரவேண்டும். மூச்சுக்குத் தவிக்கும் உடம்போ தலையை முதலில் தூக்கும். படகு திரும்ப விழும். உடனே கையால் இழுக்கப் பார்ப்போம், அதில்தான் தோள் போகிறது. தடாகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடுப்பால் மட்டும் படகைச் சாய்த்து நிமிர்த்தும் பயிற்சி அலுப்பூட்டும். அதுதான் வேலை செய்யும். ஒரு தடவை ரோல் வராவிட்டால் வளையத்தை இழுத்து வெளியே வருவதில் வெட்கமில்லை.

ஆற்றில் படகை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள் என்றால், எழுந்து நிற்க வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஓடும் தண்ணீரில் கால் பாறை இடுக்கில் மாட்டினால், பின்னாலிருந்து வரும் ஓட்டம் ஆளை முன்னுக்குச் சாய்த்து அமுக்கிவிடும், இடுப்பளவு ஆழத்தில்கூட. மல்லாந்து, பாதம் தண்ணீர் போகும் பக்கம், கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிய மிதந்து வாருங்கள். படகைப் பிடித்திருந்தால் அதற்குத் தண்ணீர் வரும் பக்கமாக இருங்கள், படகுக்கும் பாறைக்கும் நடுவே அகப்படக்கூடாது. லைஃப் ஜக்கெட்டைப் போட்ட பின் தோள்பட்டியைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள், காதுவரை வந்தால் அது உங்களைக் காக்காது.

மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் விடும் தண்ணீரைப் பொறுத்து களனியின் மட்டம் மாறும். தென்மேல் பருவமழையில் அந்தப் பக்கம் கொட்டும் மழை வேறு. காலையில் பார்த்த ஆறு மத்தியானம் இருக்காது. இறங்குமுன் அந்த ஊர் வழிகாட்டியிடம் கேளுங்கள், அவர் இன்றைக்கு வேண்டாம் என்றால் பணம் கட்டியாயிற்றே என்று வாதாடாதீர்கள்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் அல்லது குளிசை எடுப்பவர்கள் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டுப் படகில் ஏறவேண்டாம், தண்ணீருக்கு நடுவே சீனி இறங்கினால் நிதானம் போய்விடும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சப்பாத்து கட்டாயம். காலில் ஆறாத புண் இருந்தால் ஆற்றில் இறங்கவே வேண்டாம். கித்துல்கல இருக்கும் சப்ரகமுவவில் எலிக்காய்ச்சல் உண்டு, அதற்கான தடுப்பு மருந்து பற்றி முன்கூட்டியே டொக்டரிடம் கேட்கலாம். போய்வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால், ஆற்றில் இறங்கினேன் என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

ஆற்றோரத்தில் யாருக்காவது தோள் கழன்றால் இழுத்து ஏற்றப் பார்க்காதீர்கள், எலும்பும் உடைந்திருக்கலாம். வலி குறையும் நிலையிலேயே கையை உடம்போடு சேர்த்துக் கட்டி, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

அந்தச் சகோதரிக்கு ஸ்கேனில் நாண் கிழிவு சிறியதென்று தெரிந்தது, சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. ஐந்து மாதம் துவாயோடு வேலை செய்தோம். முதலில் கை பின்கழுத்துக்குப் போனது, பிறகு கொண்டைக்கு. இப்போது ஞாயிறு காலைகளில் பொல்கொடையில் லோ பிரேஸ் பழகுகிறார். கித்துல்கலவுக்கு எப்போது போகலாம் என்று போன கிழமை கேட்டார். தடாகத்தில் பத்து வெட் எக்ஸிட் முடியட்டும், மழையும் விடட்டும், தை மாதம் பார்ப்போம் என்றேன். "சரி மிஸ், தை எண்டால் தை" என்றுவிட்டுத் துவாயை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.